பச்சை ஆப்பிளுக்கு அடுப்படியில் என்ன வேலை?

வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பச்சை ஆப்பிளைப் பற்றியவை. ஆனி, ஆடியில் மாங்காய் வரத்து குறையக் குறைய, பழக்கடையில் இந்தப் பச்சைப் பழம்தான் கண்ணில் படுகிறது. தின்று பார்த்தால் புளிக்கிறது. சமைத்துப் பார்த்தால் ஒரு நாள் வாய்க்கிறது, மறுநாள் கூழாகிறது. அதனால் பதில்களையும் இந்த ஒரு ரகத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

பச்சை ஆப்பிள் என்பது பழுக்காத சிவப்பு ஆப்பிளா, தனி ரகமா? வீட்டில் பத்து நாள் வைத்திருந்தும் சிவக்கவே இல்லை.
– வாசகி, பள்ளத்தூர்

தனி ரகம். பெயர் கிரானி ஸ்மித். எத்தனை நாள் வைத்தாலும் சிவக்காது. முற்றிப் பழுத்தால் பச்சை வெளுத்து மஞ்சளாகும், அவ்வளவுதான். மரத்தில் வெயில் பட்ட பக்கத்தில் சில பழங்களுக்கு இளஞ்சிவப்புத் தழும்பு விழும். அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை.

ஆஸ்திரேலியாவில் சிட்னிக்குப் பக்கத்தில் ஈஸ்ட்வுட் என்ற ஊர். அங்கே பழத்தோட்டம் வைத்திருந்த மரியா ஆன் ஸ்மித் என்ற மூதாட்டியின் நிலத்தில், 1868 வாக்கில், தானாக முளைத்து நின்ற கன்றுதான் இதன் மூலம். டாஸ்மேனியாவிலிருந்து வந்த 'ஃபிரெஞ்சு க்ராப்' ஆப்பிளின் மிச்சத்தைக் கொட்டிய இடத்தில் முளைத்தது என்பார்கள். அந்த அம்மாள் 1870-இல் இறந்துபோனார். பழம் ஊரறிந்தது அதற்குப் பிறகுதான். 1891-இல் காஸில் ஹில் விவசாயக் கண்காட்சியில் இதற்குப் பரிசு கிடைத்தபோது, அது சமையல் ஆப்பிள் பிரிவில் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். பிறந்த ஊரிலேயே இதை முதலில் அடுப்புக்கு உரிய பழமாகத்தான் பார்த்திருக்கிறார்கள். நம் வழக்கில் சொன்னால் 'ஸ்மித் ஆச்சி ஆப்பிள்'.

கடையில் எடுக்கும்போது கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்; கொஞ்சமும் உள்ளே போகக் கூடாது. நறுக்கும்போது 'சடக்'கென்று பிளந்து, கத்தியின் இரு பக்கமும் சாறு முத்து முத்தாக நிற்க வேண்டும். சத்தமில்லாமல் கத்தி இறங்கினால் பழம் கிடங்கில் நெடுநாள் கிடந்து மாவாகிவிட்டது. அதைக் குழம்பில் போட வேண்டாம். தொக்குக்கு ஆகும்.

மாங்காய் கிடைக்காத நாளில் வெண்டைக்காய் மண்டிக்கு (அரிசி களைந்த தண்ணீரில் வைக்கும் புளிப்புக் குழம்பு) பச்சை ஆப்பிள் போட்டேன். புளிப்பே ஏறவில்லை, துண்டுகளும் கரைந்துவிட்டன. மாங்காய்க்குப் பதில் ஆப்பிள் போடலாம் என்பது சும்மா பேச்சா?
– வாசகி, தேவகோட்டை

சும்மா பேச்சு இல்லை. மாங்காய் போட்ட கணக்கிலேயே ஆப்பிளையும் போட்டிருக்கிறீர்கள். இரண்டும் புளிப்புத்தான், அளவு வேறு. புளிப்பு மாங்காயில் நூறு கிராமுக்கு இரண்டரை, மூன்று கிராம் வரை அமிலம் இருக்கும். கிரானி ஸ்மித்தில் முக்கால் கிராம் அளவுதான். அதோடு நூறு கிராமுக்கு ஒன்பதரை கிராம் சர்க்கரையும் சேர்ந்தே வருகிறது. ஆகவே ஆப்பிளை மட்டும் நம்பிப் புளியை நிறுத்தினால் மண்டி சப்பென்று போகும். வழக்கமாகப் போடும் புளியில் பாதியை வைத்துக்கொண்டு, மீதிப் பாதிக்கு ஆப்பிளைப் போட வேண்டும்.

நான்கு பேருக்கான அளவு: வெண்டைக்காய் கால் கிலோ, ஆப்பிள் ஒன்று (200 கிராம்), சின்ன வெங்காயம் 15, பூண்டு 10 பல், கீறிய பச்சை மிளகாய் 6, வேகவைத்த மொச்சை அரைக் கிண்ணம், புளி கோலிக்குண்டு அளவு, அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர் 3 கிண்ணம். முதல் தண்ணீரில் தூசி இருக்கும், கொட்டிவிடுங்கள். இரண்டாவதை அழுத்திக் களைந்து கெட்டியாக எடுங்கள்.

நல்லெண்ணெயில் கடுகு, உளுந்தம்பருப்பு, வெந்தயம் தாளித்து, வெங்காயம், பூண்டு, மிளகாய் வதக்குங்கள். ஒன்றரை அங்குலத் துண்டுகளாக நறுக்கிய வெண்டைக்காயைப் போட்டு, கொழகொழப்பு அடங்கும்வரை வதக்க வேண்டும். பிறகு அரிசித் தண்ணீரில் புளியைக் கரைத்து வடித்து ஊற்றி, உப்பும் மொச்சையும் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். மண்டி கெட்டிப்பட்டு மேலே சிறு குமிழி விடும்போதுதான் ஆப்பிள் உள்ளே போக வேண்டும். அதற்குப் பிறகு நான்கு நிமிடம். அடுப்பை அணைத்து மூடிவைத்தால் மிச்ச வேக்காடு சூட்டிலேயே ஆகிவிடும்.

துண்டு கரைந்ததற்கு மூன்று காரணம் இருக்கலாம். தோலைச் சீவியிருப்பீர்கள்; தோல்தான் துண்டைப் பிடித்து நிறுத்துவது. சிறிதாக நறுக்கியிருப்பீர்கள், ஒரு பழத்தை எட்டுக் கீற்றாக்கி, ஒவ்வொன்றையும் குறுக்கே இரண்டாக்கினால் போதும். அல்லது வெண்டைக்காயோடு சேர்த்துத் தொடக்கத்திலேயே போட்டிருப்பீர்கள். மாங்காய் அந்தக் கொதியைத் தாங்கும், ஆப்பிள் தாங்காது.

பருப்பு போட்ட மாங்காய்க் குழம்பில் ஆப்பிளைப் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பருப்பு மசிந்த பிறகே போடுங்கள். புளிப்பு ஏறிய தண்ணீரில் பருப்பும் கிழங்கும் எத்தனை நேரம் கொதித்தாலும் விறைத்துக்கொண்டே நிற்கும்.

பச்சடிக்கு இந்தப் பழம் மண்டியைவிடவும் பொருத்தம். இரண்டு ஆப்பிளுக்கு 60 கிராம் வெல்லம் போதும். மாங்காய்க்குப் போடுவதில் பாதிகூட வராது. துண்டு துண்டாக வேண்டுமென்றால் வெல்லப் பாகை முதலிலேயே ஊற்றி அதில் பழத்தை வேகவிடுங்கள், இனிப்பு துண்டை இறுக்கிப் பிடிக்கும். மசியலாக வேண்டுமென்றால் கால் கிண்ணம் தண்ணீரில் பழத்தை வேகவைத்து மசித்துவிட்டு, கடைசியில் வெல்லம். பொருளும் அடுப்பும் ஒன்றுதான். வெல்லம் எப்போது விழுகிறது என்பதில்தான் பக்குவம் மாறுகிறது.

கல்யாண வீட்டில் இலையில் வைத்த ஆப்பிள் ஊறுகாய் நன்றாக இருந்ததே என்று வீட்டில் ஒரு ஜாடி போட்டேன். ஐந்தாம் நாள் மேலே வெள்ளைப் படலம், ஓரத்தில் நுரை. வழித்துவிட்டுச் சாப்பிடலாமா?
– வாசகி, காரைக்குடி

வேண்டாம். ஜாடியோடு கொட்டிவிடுங்கள். மேலே தெரிகிற படலத்தை வழித்தாலும் பூஞ்சை இழை உள்ளே இறங்கியிருக்கும். நுரை வந்தது, பழத்துச் சர்க்கரை நொதிக்கத் தொடங்கியதால்.

கல்யாணத்தில் போடுவது காலையில் நறுக்கி மதியப் பந்தியில் தீர்ந்துபோகிற பண்டம். அதற்கு 600 கிராம் ஆப்பிள், ஒன்றரை மேசைக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், இரண்டு எலுமிச்சையின் சாறு, பெருங்காயம், கடுகு தாளித்த நல்லெண்ணெய் நான்கு மேசைக்கரண்டி. அவ்வளவுதான் கணக்கு. அந்த உப்பும் அந்தப் புளிப்பும் ஜாடியில் நிற்கப் போதாது. குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள், அதோடு சரி.

நாள்பட இருக்க வேண்டுமென்றால் தொக்காகக் கிண்டுங்கள். ஆப்பிளில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரை அடுப்பில் விரட்டுவதுதான் முழு வேலையும்.

ஒரு கிலோ ஆப்பிளைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தோலோடு துருவிக்கொள்ளுங்கள். அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் 250 மில்லி நல்லெண்ணெய் காய்ச்சி, கடுகு வெடித்ததும் துருவலைக் கொட்டி, 70 கிராம் கல்லுப்பு, ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் சேருங்கள். 60 கிராம் புளியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து ஊற்றுங்கள். இங்கே எலுமிச்சையைவிடப் புளிதான் நல்லது. எலுமிச்சைச் சாறு கொதித்தால் கசக்கும். இறக்கிய பிறகு ஊற்றினால் விரட்டிய தண்ணீரைத் திரும்பக் கூப்பிட்டதாகிவிடும். மிதமான தீயில் முக்கால் மணி நேரம் ஆகும். துருவல் சுருண்டு, கரண்டியால் நடுவே கோடிழுத்தால் கோடு மூடாமல் நின்று, ஓரத்தில் எண்ணெய் கசிகிற நேரத்தில் 60 கிராம் மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு தேக்கரண்டி, பெருங்காயம் போட்டு இரண்டு நிமிடம் கிளறி இறக்குங்கள். மிளகாய்த்தூளை முன்பே போட்டால் அடி பிடித்துக் கருகும்.

நன்றாக ஆறிய பிறகு, வெயிலில் காயவைத்த பீங்கான் ஜாடியில் அழுத்தி நிரப்பி, மேலே அரை அங்குலம் எண்ணெய் நிற்கப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்பெட்டியில் ஒரு மாதம் தாராளமாக இருக்கும். வெளியே வைப்பதானால் பத்து நாளுக்கு மேல் நம்ப வேண்டாம். மாங்காய்த் தொக்கின் புளிப்பு இதற்குக் கிடையாது.

பாத்திரம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஊறுகாய், தொக்கு என்றதும் வீட்டிலிருக்கும் பழைய பித்தளைச் சட்டியை இறக்குகிறவர்கள் உண்டு. ஈயம் பூசி, பூச்சு தேயாமல் இருந்தால் சரி. பூச்சு போன பித்தளையிலும் செம்பிலும் புளிப்புப் பொருளை முக்கால் மணி நேரம் கிண்டினால் களிம்பு உணவில் இறங்கும். இரும்புச் சட்டியில் உடம்புக்குக் கெடுதலில்லை. ஆனால் தொக்கு கரிக்கட்டை நிறத்துக்குப் போய்விடும். அலுமினியம் அறவே வேண்டாம்.

மாவற்றல் போல ஆப்பிளையும் வற்றல் போட முடியுமா? சித்திரை வெயில் வீணாகப் போகிறதே.
– வாசகி, கானாடுகாத்தான்

போடலாம். வளவில் (நடுமுற்றத்தில்) நாள் முழுக்க வெயில் விழுகிற வீடு உங்களுடையது என்றால் இதைவிட நல்ல இடம் வேறு எங்கும் தேட வேண்டாம். சித்திரை, வைகாசியில் மட்டும் செய்யுங்கள். புரட்டாசிக்குப் பிறகு காற்றில் ஈரம் ஏறிவிடும்; வற்றல் காய்வதற்குள் புளித்த வாடை வந்துவிடும்.

ஒரு கிலோ ஆப்பிளை நடுத்தண்டு நீக்கி, தோலோடு கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான கனத்தில் கீற்றாக அரியுங்கள். அதைவிட மெலிந்தால் காய்ந்ததும் காகிதமாகி, குழம்பில் கரைந்துபோகும். தடித்தால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் தங்கும். பூஞ்சை பிடிப்பது அங்கேதான். 40 கிராம் கல்லுப்பும் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளும் போட்டுக் குலுக்கி, ஒரு இரவு மூடிவையுங்கள். காலையில் தண்ணீர் விட்டிருக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், புளிப்பில் பாதி அதில்தான் இருக்கிறது. கீற்றுகளை மட்டும் எடுத்து ஓலைப்பாயிலோ சுளகிலோ ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே மெல்லிய துணி கட்டுங்கள். சாயங்காலம் திரும்பவும் அதே உப்புத் தண்ணீரில் போடுங்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தண்ணீர் முழுவதும் கீற்றில் ஏறியிருக்கும். பிறகு ஊறப்போடாமல் வெயில் மட்டும் காட்ட வேண்டும். இரவில் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள், பனி படக் கூடாது.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு கீற்றை வளையுங்கள். தோல்பட்டை போல் வளைந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும். பாதி வளைந்து ஒடிய வேண்டும், ஒடிந்த இடத்தில் ஈரப் பளபளப்பு இருக்கக் கூடாது. ஒரு கிலோவுக்கு 150 முதல் 180 கிராம் வரை வற்றல் தேறும். கண்ணாடிப் புட்டியில் இறுக மூடிவையுங்கள். ஆப்பிள் வற்றல் சர்க்கரை உள்ளது என்பதால் மாவற்றலைவிட வேகமாகக் காற்றின் ஈரத்தை இழுக்கும். மாதம் ஒரு முறை அரை நாள் வெயில் காட்டினால் எட்டு மாதம் வரை கெடாது.

காரக்குழம்புக்குப் போடும்போது கால் மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரையும் குழம்பிலேயே ஊற்றுங்கள். வற்றலில் உப்பு இருக்கிறது. குழம்புக்கு உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேர்ப்பதே நல்லது.

பள்ளிக்கூடத்துக்கு நறுக்கிக் கொடுத்தால் இடைவேளைக்குள் கறுத்துவிடுகிறது.
– வாசகர், திருப்பத்தூர்

அரைத் தேக்கரண்டி உப்பை இரண்டு கிண்ணம் தண்ணீரில் கரைத்து, கீற்றுகளை ஐந்து நிமிடம் மூழ்கவைத்து, வடித்துத் துடைத்து டப்பாவில் அடையுங்கள். நாலைந்து மணி நேரம் நிறம் மாறாது, உப்பும் தெரியாது. அரிவாள்மனையில் அரிந்திருந்தால் அதை மாற்றுங்கள். இரும்பு பட்ட வெட்டுவாய் சீக்கிரம் கறுக்கும். எவர்சில்வர் கத்தி போதும்.

வாங்கி நான்கைந்து நாளில் தோல் மேல் பழுப்புத் திட்டு விழுகிறது, வெந்துபோன மாதிரி. கடையில் பார்த்தபோது பளிச்சென்றுதான் இருந்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர், பொன்னமராவதி

கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. இது கிரானி ஸ்மித் ரகத்துக்கே உள்ள பலவீனம். மாதக் கணக்கில் குளிர்க்கிடங்கில் இருக்கும்போது தோலில் ஊறும் ஃபார்னஸீன் என்ற பொருள் காற்றுப் பட்டுச் சிதைந்து, தோலின் மேலடுக்கைக் கொல்கிறது. குளிரில் இருக்கும்வரை வெளியே தெரியாது. நம் ஊர்ச் சூட்டுக்கு வந்த சில நாளில் திட்டாகத் தெரியும். தோலைச் சீவிப் பாருங்கள். சதை வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம்.

திட்டு மெத்தென்று அமுங்கினாலோ, நீலப்பச்சைப் பூஞ்சை தெரிந்தாலோ கதை வேறு. அந்தப் பூஞ்சை பட்யூலின் என்ற நஞ்சை உண்டாக்கும். கெட்ட பாகத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாறு பிழிவது தவறு. முழுப் பழத்தையும் எறியுங்கள்.

பழம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை குறையும். சிலி, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்காவில் பங்குனி, சித்திரையில் பறிக்கிறார்கள். அமெரிக்கா, இத்தாலி, பிரான்ஸில் புரட்டாசி, ஐப்பசியில் பறிக்கிறார்கள். ஆகவே ஆடியில் தெற்கு நாட்டுப் பழமும், தை, மாசியில் வடக்கு நாட்டுப் பழமும் புதிது. ஆடியில் அமெரிக்கப் பழம் கிடைத்தால் அது ஏறத்தாழ ஒன்பது மாதம் கிடங்கில் இருந்தது.

வீட்டில் துளையிட்ட பிளாஸ்டிக் பையில் போட்டு, குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வைத்தால் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். வெளியே என்றால் ஒரு வாரம். கீரை, வெள்ளரிக்காய் பக்கத்தில் வைக்காதீர்கள். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு அவற்றை மஞ்சளாக்கிவிடும்.

தோலைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாக மெழுகு வருகிறது. ஒட்டியிருக்கும் வில்லையில் 4017 என்ற எண் மரபணு மாற்றத்தைக் குறிக்கும் என்கிறார்களே?
– வாசகர், புதுவயல்

எந்த ஆப்பிளைச் சுரண்டினாலும் கொஞ்சம் மெழுகு வரும். மரத்திலேயே தோலில் ஊறுவது அது. கிரானி ஸ்மித் முற்ற முற்ற அந்த மெழுகு கூடி, கையில் பிசுக்காக ஒட்டும். பறித்த பிறகு கழுவும்போது இந்த இயற்கை மெழுகில் ஒரு பகுதி போய்விடுவதால், பழம் வாடாமல் இருக்க கார்னௌபா மெழுகோ ஷெல்லாக் என்ற அரக்கோ மெல்லிசாகப் பூசுவார்கள். இவை உண்ணத் தகுந்தவை என்று நம் நாட்டு உணவுச் சட்டமும் அனுமதித்தவை. பிடிக்கவில்லையென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்து, சொரசொரப்பான துணியால் துடையுங்கள். கொதிநீர் வேண்டாம், தோலடிச் சதை வெந்துவிடும்.

4017 என்பது பெரிய அளவு கிரானி ஸ்மித்தைக் குறிக்கும் கல்லா எண். சிறியதற்கு 4139. முன்னால் 9 சேர்ந்து ஐந்து இலக்கமாக இருந்தால் இயற்கை முறையில் விளைந்தது. மரபணு மாற்றத்துக்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பில்லை.

சர்க்கரை நோயாளிக்குப் பச்சை ஆப்பிளில் சர்க்கரையே கிடையாதாமே?
– வாசகி, கோட்டையூர்

இருக்கிறது. நூறு கிராமுக்கு ஒன்பதரை கிராம் அளவு. சிவப்பு ரெட் டெலிஷியஸில் பத்தரை, ஃபூஜியில் பதினொன்றரைக்கு மேல். வித்தியாசம் ஒன்று, இரண்டு கிராம்தான். நாக்கில் இனிப்பு தெரியாமல் புளிப்பு மூடிக்கொள்கிறது, அதை நம்பி இரண்டு பழம் சாப்பிட்டுவிடக் கூடாது. தோலோடு பாதிப் பழம் என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக் கணக்கில் சேருங்கள். சாறாக வேண்டாம், நார் வெளியே போய்ச் சர்க்கரை மட்டும் மிஞ்சும். மேலே சொன்ன பச்சடியில் வெல்லம் இருப்பதால் அது உங்களுக்கு ஆகாது, மண்டி ஆகும்.

அல்வா கிண்டும்போது பால் ஊற்றியதும் திரிந்துவிட்டது. நெய்யெல்லாம் வீண்.
– வாசகி, கண்டனூர்

கிரானி ஸ்மித்தின் புளிப்புக்குப் பால் கட்டாயம் திரியும். தேங்காய்ப்பாலும் பிரியும். அல்வாவுக்கும் பாயசத்துக்கும் இந்த ரகம் வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. சிவப்பு டெலிஷியஸோ ஃபூஜியோ வாங்குங்கள். கையில் இதுதான் இருக்கிறது என்றால் துருவலை நெய்யில் வதக்கி, பழத்தின் எடையில் பாதி சர்க்கரை சேர்த்து, தண்ணீர் முழுதும் வற்றி நெய் பிரிந்த பிறகு இனிப்பில்லாத கோவாவை உதிர்த்துப் போடுங்கள். பால் ஒரு சொட்டும் சேரக் கூடாது.

கறி வேக பப்பாளிக்காய் போடுகிறோமே, அதைப் போல இதைப் போடலாமா?
– வாசகர், நாச்சியாபுரம்

பலன் இருக்காது. பப்பாளிக்காய்ப் பாலில் கறியின் புரதத்தை உடைக்கிற நொதி இருக்கிறது. ஆப்பிளில் அது இல்லை. புளிப்புக்காகப் போடுவதென்றால் கறி வெந்த பிறகு போடலாம்.

தொக்குக்கும் பச்சடிக்கும் சீவிய தோலும் நடுத்தண்டும் நிறையச் சேர்கிறது. மாட்டுக்குத்தான் போடுகிறோம்.
– வாசகி, கொத்தமங்கலம்

அடுத்த முறை மாட்டுக்குப் போகும் முன் ஒரு முறை கொதிக்கவிடுங்கள். ஜாமையும் ஜெல்லியையும் உறையவைக்கிற பெக்டின், சதையைவிடத் தோலிலும் நடுத்தண்டிலும்தான் அதிகம். இந்த ரகத்தில் அது மிகுதி. அன்னாசி ஜாம் எத்தனை கிண்டினாலும் தண்ணீராகவே ஓடும் என்று முன்பு சிலர் எழுதியிருந்தார்கள். அதற்கும் மருந்து இதுதான்.

தோலும் தண்டுமாக அரைக் கிலோ சேரும்வரை குளிர்பெட்டியின் உறையறையில் சேர்த்துவையுங்கள். விதையை எடுத்துவிடுங்கள், நசுங்கினால் கசப்பும், கொஞ்சம் சயனைடு சத்தும் இறங்கும். மூழ்கத் தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் 40 நிமிடம் வேகவிட்டு, நாலாக மடித்த வேட்டித் துணியில் கொட்டித் தொங்கவிடுங்கள். தானாகச் சொட்டட்டும். அவசரப்பட்டுப் பிழிந்தால் ஜெல்லி கலங்கிவிடும்.

சாறு ஒரு கிண்ணத்துக்கு முக்கால் கிண்ணம் சர்க்கரை. பெரிய தீயில், வாய் அகன்ற பாத்திரத்தில் கொதிக்கவிடுங்கள். குளிர்பெட்டியில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, அரை நிமிடம் கழித்து விரலால் தள்ளினால் மேல்தோல் சுருங்க வேண்டும். அதுதான் பதம், வெப்பமானி இருந்தால் 105 டிகிரி. அதைத் தாண்டினால் ரப்பராகிவிடும். அன்னாசி ஜாமுக்கு, ஒரு கிலோ அன்னாசிக்கு இரண்டு கிண்ணம் இந்தச் சாற்றைச் சர்க்கரை போடுவதற்கு முன்பே சேர்த்துக் கிண்டுங்கள்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் கிணற்றோரம் இடம் இருக்கிறது. நாற்றங்கால்காரர் ஒருவர் பச்சை ஆப்பிள் நாற்று தருவதாகச் சொல்கிறார். காய்க்குமா?
– வாசகர், தேவகோட்டை

காய்க்காது. பணம் கொடுக்கும் முன் கேட்டது நல்லதாயிற்று.

ஆப்பிள் மரம் குளிர்காலத்தில் தூங்கி எழுந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். 7 டிகிரிக்குக் கீழே இத்தனை மணி நேரம் என்று ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கிரானி ஸ்மித்துக்கு அது ஏறத்தாழ 500 மணி நேரம். சிவகங்கைச் சீமையில் மார்கழி, தை விடியலில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் குளிர் நிற்கிறது. கணக்கில் ஒரு மணி நேரமும் சேராது. செடி தழைக்கும், நுனியில் மட்டும் இலை விடும், கிளைகள் மொட்டையாக நிற்கும், பங்குனி வெயிலில் பட்டை வெடிக்கும்.

குளிர் குறைவாகக் கேட்கும் ரகங்கள் இல்லாமல் இல்லை. இஸ்ரேலில் உருவான அன்னா, பஹாமாஸ் தீவிலிருந்து வந்த டார்செட் கோல்டன், இமாச்சலத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்து விவசாயி ஹரிமன் சர்மா 1999-இல் தொடங்கி உருவாக்கிய எச்.ஆர்.எம்.என்.-99 ஆகியவை அப்படிப்பட்டவை. மூன்றும் பச்சை ஆப்பிள் அல்ல, மூன்றின் ருசியும் வேறு. இந்தோனேசியாவில் ஜாவாவின் மலாங் பக்கம் குளிர்காலமே இல்லாமல் ஆப்பிள் விளைவிக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் மரத்தின் இலையையெல்லாம் கையால் உருவி, மரத்தை ஏமாற்றிப் பூக்கவைக்கிறார்கள். அதுவும் ஆயிரம் மீட்டரை ஒட்டிய மலை நிலத்தில். நம் செம்மண் சமவெளியில் இந்த ரகங்கள் நாலு பூ காட்டினால்கூட, சித்திரைச் சூட்டில் பிஞ்சு நிற்பது கடினம்.

கடைப் பழத்தின் விதையைப் போடுவதும் பயனற்றது. கிரானி ஸ்மித் விதையில் முளைப்பது கிரானி ஸ்மித்தாக இருக்காது. தாயைப் போலவே வேண்டுமென்றால் ஒட்டுக் கட்டித்தான் ஆக வேண்டும்.

கிணற்றோரத்து இடத்தில் ஒரு கிடாரங்காய்ப் பதியனை வையுங்கள். மூன்றடிக்கு மூன்றடி குழி, மட்கிய சாணம் இரண்டு கூடை, வேரடியில் தண்ணீர் தேங்காமல் மேட்டுப்பாத்தி. மூன்றாம் நான்காம் ஆண்டில் ஊறுகாய்க்குக் காய் இறங்கத் தொடங்கும்.